செடிகள் நடுவே ஒரு கச்சேரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2020 ஜூன் 22 அன்று, ஊரடங்கு தளர்ந்த கையோடு, ஸ்பெயினின் பார்சிலோனா நகரிலுள்ள லிசேயு இசையரங்கின் 2,292 இருக்கைகளிலும் செடிகளை உட்காரவைத்து, ஒரு நால்வர் தந்திக்குழு புச்சினியின் 'கிரிசான்டெமி'யை வாசித்தது. யூஜெனியோ அம்புடியா என்ற கலைஞர் திட்டமிட்ட அந்த நிகழ்ச்சிக்குப் பின் செடிகள் மருத்துவப் பணியாளர்களுக்கு வழங்கப்பட்டன. இதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களின் வாசகர்கள் எழுதியிருக்கும் கேள்விகளுள் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பத்து சென்ட் பசுமைக்குடிலில் காய்கறி நாற்றும் அலங்காரச் செடிகளும் வளர்த்து விற்கிறேன். சென்னையிலிருந்து வந்த சில இளைஞர்கள், இலைகளில் ஒயர் மாட்டி, செடியிலிருந்து வரும் இசையோடு தாங்களும் சேர்ந்து வாசிப்பார்களாம். ஒருநாள் மாலை குடிலைத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். செடி உண்மையிலேயே பாடுமா? இடம் கொடுத்தால் என் நாற்றுகளுக்கு ஏதாவது ஆகிவிடுமா?
— நர்சரி உரிமையாளர் ஒருவர், கும்பகோணம் வட்டம்

பதில்: செடி பாடாது. ஆனால் அந்த இளைஞர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் கொண்டுவரும் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளங்கும்.

ஈசிஜி எடுக்கும்போது மார்பில் ஒட்டுவது போன்ற இரண்டு ஒட்டிகளை இலையில் பதித்து, அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். இலையில் உள்ள நீர், அதன்மேல் படும் வெளிச்சம், குடிலின் வெப்பம், பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பது, ஒட்டி சற்றே நழுவுவது என எது மாறினாலும் மின்னோட்டம் கூடும் அல்லது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி எண்களாக்கி, மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் மிடி என்ற முறையில், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிக்கு அனுப்ப, அது ஸ்வரமாக ஒலிக்கிறது. எந்த ஸ்வரங்கள், எந்த வாத்தியத்தின் குரல், என்ன வேகம் என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பவர் மனிதர்தான். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டும் கருவிக்குக் கொடுத்துவிட்டால், உங்கள் குரோட்டன்ஸும் மோகனம் பாடும், கள்ளியும் மோகனம் பாடும்; ஒன்றும் அபஸ்வரமாகாது. வாய்க்கால் மதகில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பாடகர் மேலும் கீழுமாக ஸ்வரம் பாடினால், அந்தப் பாட்டில் வாய்க்காலுக்குப் பங்கு உண்டு. பாட்டு வாய்க்காலுடையது ஆகிவிடாது.

இலையில் மின்சாரம் இருப்பது மட்டும் கற்பனையல்ல. தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் வைத்துக்கொண்டு அதை அளந்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1917இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய ஆய்வகம் இன்றும் இயங்குகிறது. குழப்பம் பிறகு வந்தது. 1966இல் கிளீவ் பாக்ஸ்டர் என்ற அமெரிக்கர், பொய் கண்டறியும் கருவியை அலுவலகத்தில் இருந்த டிரசீனாச் செடியின் இலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, செடிக்கு மனித எண்ணம் தெரிகிறது என்று அறிவித்தார். 1975இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் முறையான கட்டுப்பாடுகளோடு பரிசோதித்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை. ஆயினும் அந்தக் கதை மிகவும் இனிப்பானது என்பதால், இத்தகைய நிகழ்ச்சிகளின் விளம்பரங்களில் இன்றும் தலைகாட்டுகிறது. இளைஞர்கள் தங்கள் அறிவிப்பில் 'செடி இசையமைக்கிறது' என்று போட்டிருந்தால், 'செடியோடு இசைக்கிறோம்' என்று மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் நான் அவர்களைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

இனி உங்கள் நாற்றுகள். இசையால் அவற்றுக்குக் கெடுதல் வராது, வருகிறவர்களால் வரலாம். தக்காளி, மிளகாய் நாற்றுகளைத் தாக்கும் புகையிலைத் தேமல் நச்சுயிரி கைபட்டே பரவக்கூடியது. பீடி, சிகரெட், புகையிலை பழகிய விரல்கள் ஒரு குழித்தட்டைத் தடவிவிட்டுப் போனால், இழப்பு உங்களுக்கு மட்டுமல்ல, நாற்று வாங்கிப்போகும் குடியானவருக்கும்தான். இரட்டைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஐம்பது பேரை உள்ளே விட்டால் வெள்ளை ஈயும் கூடவே நுழையும். நிகழ்ச்சிக்கு இலையைத் தொட்டுத் தொட்டு ஒலியெழுப்பும் பகுதி இருக்குமென்றால், அதற்கு விற்பனைச் சரக்கைத் தராதீர்கள். அடிக்கடி தொடப்படும் செடி உயரம் குறைந்து தண்டு தடிக்கும் என்பது 1973இல் மார்க் ஜாஃபே என்ற அறிவியலாளர் பெயரிட்டு விளக்கிய உண்மை. எனவே, நாற்று விற்றுத் தட்டுகள் காலியாக இருக்கும் வாரமாகப் பார்த்து, அலங்காரச் செடிப் பகுதியை மட்டும் ஒதுக்கி, வாசலிலேயே கை கழுவச் செய்யுங்கள்.

ஈரத்தரையில் 230 வோல்ட் ஒயர்கள் கிடப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். இந்த அளவு இசைக்கு பேட்டரியில் இயங்கும் ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் தாராளமாகப் போதும். புகைமூட்டம் போல நீர் தெளிக்கும் ஃபாகரை நிகழ்ச்சி முடியும்வரை நிறுத்திவையுங்கள். 'செடி ஸ்வரம் மாற்றியது' என்று கூட்டம் வியக்கும்போது, உண்மையில் ஒட்டியின்மேல் ஒரு நீர்த்திவலை விழுந்திருக்கும்.

இத்தனை நிபந்தனையோடு, இடம் கொடுங்கள் என்றே சொல்வேன். மேடையும் நாற்காலி வரிசையும் இல்லாத இடத்தில் வாசிப்பவர் எங்கே, கேட்பவர் எங்கே என்ற எல்லை தளரும்போது காது வேறுவிதமாக வேலை செய்கிறது. அது நம் ஊர்க்காரர்களுக்கும் கிடைக்கட்டுமே.

கேள்வி: அறுபதுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த என் தந்தை, அங்கே ஒரு பேராசிரியர் செடிகளுக்கு வயலின் வாசிக்கச் செய்து வளர்த்தார் என்று சொல்லுவார். கேலிக்காகச் சொன்னாரா?
— வாசகி, சிதம்பரம்

பதில்: கேலியல்ல. பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி. சிங், ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் இந்த ஆய்வைச் செய்தார். முதலில் மின்சாரத்தால் அதிரும் இசைக்கவையை நீர்த்தாவரமான ஹைட்ரில்லாவுக்கு அருகில் வைத்து, அதன் உயிரணுக்களுக்குள் நடக்கும் ஓட்டத்தை நுண்ணோக்கியில் கவனித்தார். பிறகு காசித்தும்பைச் செடிகளுக்கு நம் ராகங்களை வாசிக்கச் செய்து, உயரம் 20 சதவீதமும் மொத்த எடை 72 சதவீதமும் கூடுதலாக வளர்ந்ததாக அறிவித்தார். பாட்டில்லாமல் பரதநாட்டிய அடவுகளின் காலதிர்வு மட்டும் செடிகளை எட்டும்படி செய்தும் பார்த்தார். செடிக்கு இசை என்று உலகில் எங்கே பேச்செடுத்தாலும் கொள்ளிடத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊர் அதில் அடிபடுகிறது. சிதம்பரத்துக்காரர்களே அதை மறந்துவிட்டது வியப்புத்தான்.

அந்த எண்களை அப்படியே ஏற்கலாமா என்பது வேறு கேள்வி. ஏற்க வேண்டுமானால், இசை கேட்ட தொட்டிக்கும் கேளாத தொட்டிக்கும் ஒரே மண், ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர் கிடைத்திருக்க வேண்டும். கேளாத தொட்டியின் அருகிலும் ஓசையற்ற ஒலிபெருக்கி ஒன்று சூடாக இருந்திருக்க வேண்டும். அளவெடுப்பவருக்கு எது எந்தத் தொட்டி என்று தெரிந்திருக்கக் கூடாது. இதே முடிவை வேறு ஊரில் வேறு கைகளும் பெற்றிருக்க வேண்டும். செடிக்கும் இசைக்குமான பெரும்பாலான பழைய ஆய்வுகள் இந்தச் சல்லடையில் நிற்பதில்லை. உங்கள் தந்தையார் சொன்ன வயலின் உண்மை. வளர்ச்சிக்குக் காரணம் வயலின்தான் என்பது நிறுவப்படவில்லை.

கேள்வி: அப்படியென்றால் செடிக்கு ஒலி ஒரு பொருட்டே இல்லையா? நான் இளநிலைத் தாவரவியல் படிக்கிறேன்.
— மாணவி, மயிலாடுதுறை

பதில்: பொருட்டு உண்டு. ஆனால் செடி கவனிக்கும் ஒலியின் பட்டியலில் ராகம் இல்லை. அதன் உயிர்வாழ்வோடு தொடர்புள்ள அதிர்வுகள் இருக்கின்றன.

2014இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஹெய்டி ஆப்பெல், ரெக்ஸ் காக்ராஃப்ட் ஆகியோர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் புழு இலையைக் கடிக்கும்போது உண்டாகும் அதிர்வைப் பதிவு செய்து, புழு இல்லாமலேயே வேறு செடிகளின் இலைக்கு அதைச் செலுத்தினார்கள். பிறகு உண்மையான புழுக்களை விட்டபோது, அதிர்வை முன்பே பெற்றிருந்த செடிகள் காரமான தற்காப்பு வேதிப்பொருளைக் கூடுதலாகச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கும் இலைத்தத்துப்பூச்சி ஒன்றின் 'பாட்டு'க்கும் அவை அப்படி நடந்துகொள்ளவில்லை. 2019இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹதானி குழுவினர், ஓனோதெரா என்ற மஞ்சள் பூவுக்குத் தேனீயின் ரீங்காரத்தைக் கேட்கச் செய்தால் 3 நிமிடங்களுக்குள் அதன் தேனில் சர்க்கரையின் செறிவு கூடுவதைக் காட்டினார்கள்.

அதே குழுவின் 2023ஆம் ஆண்டு ஆய்வுதான் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. தண்ணீர் இல்லாமல் வாடும் அல்லது தண்டு வெட்டப்பட்ட தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்குப் பத்து முதல் ஐம்பது முறை வரை 'டிக்' என்ற ஒலியை வெளியிடுகின்றன. நன்றாக இருக்கும் செடியோ மணிக்கு ஒன்றுகூட எழுப்புவது அரிது. ஒலிபுகா அறையில் மட்டுமின்றி, இரைச்சல் நிறைந்த பசுமைக்குடிலிலும் மைக் வைத்து இதைப் பதிவு செய்தார்கள். அந்த ஒலி 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. மனிதக் காதோ 20க்கு மேல் எட்டாது. நீர் ஏறும் குழாய்களில் காற்றுக்குமிழி உண்டாகி உடைவதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதைப் 'செடியின் அழுகை' என்று நாளிதழ்கள் எழுதின. அழுகை என்பதற்கு ஆதாரம் எதுவும் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் ஒலிக்கலைஞர் ஒருவர் உயர் அதிர்வெண் மைக்கைக் கொண்டுவந்து, அந்த 'டிக்'குகளை நம் காதுக்கு எட்டும்படி இறக்கி, குடிலுக்குள் ஒலிக்கச் செய்தால், சிந்தசைசர் ஸ்வரங்களைவிட நேர்மையான தாவர ஒலி அதுவாகத்தான் இருக்கும்.

ஆய்வகத்துக்குப் போகாமல் பார்க்க வேண்டுமானால், காலையில் கத்தரித் தோட்டத்தில் சற்று நேரம் குனிந்து நில்லுங்கள். ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு துளைகள். அந்த வழியாக அல்லாமல் மகரந்தம் வெளியே வராது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ வந்து, அந்தக் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் உடலை மட்டும் அதிரச் செய்யும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் திடீரென்று மேலேறும். அடுத்த கணம் அதன் வயிற்றில் மஞ்சள் தூள் படிந்திருக்கும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளிக்கும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். பூச்சி புகாத வலை போட்ட குடிலில் கருவண்டு இல்லாததால், மேலைநாட்டுத் தக்காளிக் குடில்களில் முன்பு மின்சார அதிர்வுக் கோலால் பூங்கொத்தைத் தட்டினார்கள். எண்பதுகளின் இறுதியிலிருந்து பம்பிள் தேனீக் கூடுகளை வைக்கிறார்கள். அந்தத் தேனீ இமயமலைப் பக்கம் உண்டு, நம் சமவெளியில் கிடையாது. பசுமைக்குடிலில் ஒலியால் விளைச்சல் கூடுகிறது என்று யாராவது சொன்னால், ஐயத்துக்கிடமின்றி மெய்யான ஓர் உதாரணமாக இதை எடுத்துக்காட்டுங்கள்.

கேள்வி: நான் இசை ஆசிரியை. இம்மாதிரி நிகழ்ச்சிகளில் நம் வாத்தியங்கள் ஈடுகொடுக்குமா? 'சோதனை இசை' என்று சொல்கிறார்களே, அதில் சாஹித்யமோ ராகமோ இல்லாமல் எதைத்தான் கேட்பது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1975இல் 'சைல்ட் ஆஃப் ட்ரீ' என்ற 8 நிமிட உருப்படியை எழுதினார். வாசிப்பவர் தாவரப் பொருள்களால் ஆன பத்துக் கருவிகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்று மைக்கோடு இணைத்த கள்ளிச்செடி, இன்னொன்று மெக்சிகோவின் பொயின்சியானா மரத்து நெற்று. நம் பள்ளிக்கூட வாசல்களில் குழந்தைகள் குலுக்கி விளையாடும் குல்மொஹர் நெற்றை நினைத்துக்கொள்ளலாம். எட்டு நிமிடங்களைப் பகுதிகளாகப் பிரிப்பதும், எந்தப் பகுதியில் எந்தக் கருவி என்பதும் ஐ சிங் என்ற பழைய சீனக் குறிபார்க்கும் நூலின் முறைப்படி தற்செயலுக்கு விடப்படும். வாசிப்பவருக்குக் கருவி பழக்கமில்லை. கள்ளி முள்ளை இந்தக் கணம் மீட்டினால் என்ன ஒலி வரும் என்று அவருக்கே தெரியாது. பழக்கத்தின் கை படாத ஒலியைக் கேட்பதுதான் கேஜுக்கு வேண்டியிருந்தது. மனோதர்மத்தில் ஊறிய நமக்கு இது முதலில் வெறுமையாகத் தோன்றும். எனக்கும் எட்டு நிமிடம்தான் தாங்கும், ஒரு மணி நேரம் தாங்காது.

வீட்டில் செய்து பார்ப்பது எளிது. மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பீசோ வில்லை ஒன்றைக் கள்ளியின் உடலோடு அழுத்திக் கட்டி, ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, பல்குச்சியால் முள்ளைச் சுண்டுங்கள். நீண்ட முள் தாழ்ந்து ஒலிக்கும், குட்டை முள் உயர்ந்து ஒலிக்கும். காற்றின் வழியாக வராமல் செடியின் சதை வழியாகவே வருவதால் அந்த ஒலிக்கு ஒரு கனம் உண்டு.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, குடிலின் ஈரப்பதம் தோலுக்குப் பகை. மிருதங்கத்தின் வலந்தலையில் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். வாசிப்பதைவிடக் கட்டை தட்டுவதே அதிகமாகிவிடும். வீணையை நண்பகலில் உள்ளே கொண்டுபோகவே வேண்டாம்; மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகும். வயலினில் தந்திகளை முறுக்கும் பிருடைகள் முரண்டு பிடிக்கும். புல்லாங்குழலும் கடமும் பரவாயில்லை. குடிலின் கூரையாகிய 200 மைக்ரான் பாலித்தீன் தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். இலைகளும் நார்க்கழிவும் உயர்ந்த ஒலிகளை உறிஞ்சும். எனவே கோயில் மண்டபத்தின் எதிரொலியை எதிர்பார்த்துப் பாடினால் குரல் வற்றிப்போனது போல இருக்கும். கண்ணாடிக் குடில் வேறு கதை. அங்கே ஒலி மோதித் திரும்பும்.

நாதஸ்வரத்தை மட்டும் குடிலுக்குள் வாசிக்கக் கூடாது; காது தாங்காது. வாசிப்பவரை வெளியே வரப்பில் நடக்கவிட்டு, கேட்பவர்களைச் செடிகளோடு உள்ளே உட்காரவைத்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. புறப்பாட்டில் தொலைவிலிருந்து நெருங்கிவரும் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவும் இராது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்பட்ட உடலும், காவிரிக் கரை நாணலில் செய்த சீவாளியுமாக, தாவரப் பொருளால் ஆன கருவி வேண்டும் என்ற கேஜின் நிபந்தனையை அது எப்போதோ நிறைவேற்றிவிட்டது.

கேள்வி: எங்கள் பக்கம் பசுமைக்குடிலே கிடையாது, வயலும் வாய்க்காலும்தான். நாங்கள் எங்கே போவது?
— வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போங்கள். அகத்தி வரிசைகள் மேலே நிழல் கோத்து, கொடிகள் இருபுறமும் சுவராக ஏற, நடுவே நீர் நிற்கும் பள்ளமும் குளிர்ந்த காற்றுமாக, கூரை போடாத பசுமைக்குடில் அது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது வழக்கம் என்பதால் காலடி ஓசைகூடக் குறைவு. இரண்டு மூன்று சிறு ஒலிபெருக்கிகளை வெவ்வேறு வரிசைகளில் ஒளித்துவைத்தால், ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கூட்டம் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கொடியின் வேர் மிதிபடும். கொடிக்கால்காரர் இசைவு தந்தால் மட்டுமே போங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. காலம் தை, மாசியாக இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் எந்த ஒலிக்கலையும் எடுபடாது. பாலித்தீன் கூரை உள்ள கும்பகோணம் அன்பர் வேண்டுமானால் அந்த மழையையே வாத்தியமாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: இலையில் மாட்டும் அந்தக் கருவியை வாங்கி வைத்தால் மாடித் தோட்டத்து ரோஜா நன்றாகப் பூக்கும் என்று என் மகன் சொல்கிறான். வாங்கலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பூவுக்காக என்றால் வேண்டாம். அந்தக் கருவி செலுத்தும் மிகச் சிறிய மின்னோட்டம் செடியிலிருந்து சமிக்ஞையை எடுப்பதற்குத்தானே தவிர, செடியை வளர்ப்பதற்கல்ல. செடிக்குப் பாட்டு விற்பது புதிதுமல்ல: 1976இல் மார்ட் கார்சன் என்பவர் மூக் சிந்தசைசரில் வாசித்து, 'செடிகளுக்கும் அவற்றை நேசிப்பவர்களுக்கும்' என்று சொல்லி வெளியிட்ட 'மதர் எர்த்ஸ் பிளான்டேசியா' இசைத்தட்டு, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு செடிக்கடையில் செடி வாங்கியவர்களுக்கு இலவசமாகத் தரப்பட்டது. கேட்க இனிமையான தட்டு. 2019இல் மறுபடியும் வெளியாயிற்று. மகனுக்கு இசையிலும் மின்னணுவிலும் ஆர்வம் இருந்தால், அவனுக்காக வாங்கிக் கொடுங்கள். ரோஜாவுக்கு உப்புக்காற்று படாத மூலையும், நல்ல வடிகால் உள்ள தொட்டியும், பூத்து முடிந்த கிளையைக் கவாத்து செய்வதும் போதும்.